அம்புப்புழுவில் உள்ள அம்பு

‘அம்பு என்றால் நீர்; ஆகவே அம்புப்புழு நீர்ப்புழுவே’ என்று பிரித்துக் காட்டுவோர் இருக்கிறார்கள். அம்புஜம், அம்புதம், அம்புராசி, யாப்பில் வரும் அம்போதரங்கம் என்று சான்றுகளையும் அடுக்குகிறார்கள். அத்தனையும் வடமொழி வழி வந்தவை. இந்தப் பெயருக்கும் அவற்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நீரில் வாழ்வதுதான் காரணம் என்றால், தஞ்சை வாய்க்கால்களில் நெளிகிற எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் வந்திருக்க வேண்டுமே!

1827இல் குவா, கெய்மார் என்னும் பிரெஞ்சு இயற்கையறிஞர் இருவர் இவ்வுயிருக்குச் ‘சாகிட்டா’ என்ற பேரினப் பெயரை இட்டனர். லத்தீனில் அது அம்பு. நம் விலங்கியல் அதைத் தமிழாக்கிக்கொண்டது. உயிரைக் கண்டவர் இதை மறுக்க மாட்டார். கண்ணாடிபோலத் தெளிந்த, பெரும்பாலும் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மிகாத உடல். பக்கத்துக்கு இரண்டு துடுப்பு, வாலில் ஒன்று, கணையில் கட்டிய இறகைப்போல. அசையாமல் கிடக்கும், கோப்பிபோடு எனும் சிற்றுயிர் அருகே வந்ததும் பாய்ந்து, வாயோரக் கொக்கிகளால் கவ்விவிடும். சென்னைக் கடற்கரையின் சாகிட்டாக்களைப் பற்றிச் சி. சி. ஜான் 1933இல் எழுதினார். அதே வங்கக் கடல்தான் தரங்கம்பாடிக்கும் நாகைக்கும் கிழக்கே விரிகிறது.

பெயரின் பின்பாதிதான் உறுத்துகிறது. டெல்டா உழவரின் இலைச்சுருட்டுப் புழு, அந்துப்பூச்சியின் இளம்பருவம். மண்புழு வளையங்களால் ஆன உடலி. அம்புப்புழுவோ இரண்டிலும் சேராத தனித்தொகுதி; இரு கண்களும் அதிர்வை உணரும் மயிர்களும் கொண்ட வேட்டையுயிர். நத்தையையும் சிப்பியையும் ஈரறிவில் வைத்த தொல்காப்பிய மரபியலின் கணக்கில்கூட இதை அவற்றோடு நிறுத்த முடியாது. புழு என்ற சொல் நெளிவதையெல்லாம் வாரிக்கொள்கிறது.

அம்புக்கு வருவோம். மலையாளத்திலும் பழங்கன்னடத்திலும் அம்பு, தெலுங்கில் அம்மு. மூன்றிலும் எய்யப்படுவதே பொருள். அகராதிகள் அம்புக்கு மூங்கில் என்ற பொருளும் தருகின்றன. கோல் என்பது கம்புக்கும் கணைக்கும் பொது. வடமொழிச் சரம் நாணலையும் குறிக்கும், அம்பையும் குறிக்கும். எதனால் செய்தார்களோ அதன் பெயரே கருவிக்கும் ஏறியிருக்கிறது. அம்பு முதலில் மூங்கில், பின்னரே கணை என்பது என் துணிபு.