தீக்குச்சிக்கு நண்பன், மருந்து அறைக்கு எமன்



நாரணாபுரம் பக்கம் நம்மில் பலர் தீப்பெட்டி ஆபீசிலோ பயர் ஆபீசிலோ வேலை பார்த்தவர்கள். கண்ணாடித்தூள் அங்கே சோறு போடுகிறது, இங்கே உயிரை வாங்குகிறது. ஏன் என்று பார்ப்போம்.

1827-ல் இங்கிலாந்தில் ஜான் வாக்கர் என்ற மருந்துக்கடைக்காரர் உரசு தீக்குச்சியை விற்கத் தொடங்கினார். குச்சியை உரச உப்புத்தாளும் கொடுத்தார். 1844-ல் சுவீடனின் குஸ்தாவ் எரிக் பாஷ், ஆபத்தான பாஸ்பரஸைக் குச்சியிலிருந்து நீக்கி, சிவப்பு பாஸ்பரஸாகப் பெட்டியின் பக்கத்துக்கு மாற்றினார். அந்தப் பட்டையில் சொரசொரப்புக்காகச் சேர்ப்பதுதான் கண்ணாடித்தூள். கல்கத்தா சென்று தொழில் கற்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-ல் அதைச் சிவகாசிக்குக் கொண்டுவந்தார்கள்.

இனி மறுபக்கம். கேம்பிரிட்ஜில் பவுடன் என்ற விஞ்ஞானி, வெடிமருந்தில் பலவகைத் துகள்களைக் கலந்து உரசிப் பார்த்தார். துகள் எவ்வளவு கடினம் என்பதைவிட, எந்தச் சூட்டில் உருகும் என்பதே முக்கியம் என்று தெரிந்தது. உரசும் முனையில் உண்டாகும் சூடு, அந்தத் துகளின் உருகுநிலையைத் தாண்டாது. சீக்கிரம் உருகும் துகள் உருகி அடங்கிவிடும். ஏறத்தாழ 430 டிகிரிக்கு மேல் தாங்கும் துகளோ, மருந்து பற்றும் அளவுக்குச் சூடேறும்.

இந்தக் கணக்கில் நம் வீட்டுப் பொருள்களைப் பாருங்கள். சாதாரணக் கண்ணாடிக்கு அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்படவில்லை. அதனால் குறிப்பிட்ட உருகுநிலை கிடையாது, சுமார் 700 டிகிரியில் இளகத் தொடங்கும். மோஸ் அளவில் கடினம் ஏறக்குறைய 5.5. வண்டியின் ஸ்பார்க் பிளக்கில் வெள்ளையாகத் தெரியும் அலுமினா பீங்கான் படிக அமைப்பு உடையது. கடினம் 9, உருகுவது 2,050 டிகிரிக்கு அருகில். அதனால்தான் அதன் சில்லு கார் கண்ணாடியையே நொறுக்கும். குணத்தில் இவ்வளவு வேறுபாடு இருந்தும், 430-ஐத் தாண்டுவதில் இரண்டும் ஒன்றே. ஆற்று மணலும் அப்படியே.

ஆகவே மருந்து அறையில் உடைந்த டீ கிளாஸ் சில்லு, ஓட்டுத் துணுக்கு, செருப்பில் ஒட்டிய மணல் எல்லாம் ஒரே எதிரிதான். கந்தகத்தோடு குளோரேட் கலந்த பட்டாசுக்கு 1992-ல் மத்திய அரசு தடை விதித்ததும், அந்தக் கலவை உரசலை அவ்வளவு எளிதில் தாங்காது என்பதால்தான்.

தரையைக் கூட்டிவிட்டு உட்காரச் சொல்லும் போர்மேனை "சும்மா நச்சரிக்கிறார்" என்று நினைக்காதீர்கள். மருந்தைச் சலிக்காமல் கலக்காதீர்கள். வேலைக்குப் போகும் வீட்டுப் பெண்களுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.