கே.ஏ.குணசேகரன் ஹிட்ஸ்: உங்க பிளேலிஸ்ட்டுல இந்தக் குரல் இருக்கா?

மூலக்குளத்துல பஸ் ஏறி புதுச்சேரி பஸ் ஸ்டாண்டுல இறங்குறதுக்குள்ள நாலு பாட்டு கேட்டுடலாம். டிராஃபிக் மாட்டிச்சுன்னா ஆறு. அந்த ஆறுல ஒண்ணாவது, இதே புதுச்சேரியில பல வருஷம் வாழ்ந்து, இங்கேயே கண்மூடின ஒரு பாடகரோட பாட்டா இருக்கட்டுமே! அவர் பேரு கே.ஏ.குணசேகரன். தமிழ் நாட்டுப்புறப் பாட்டுல 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' போடணும்னா தவிர்க்கவே முடியாத குரல்.

முதல்ல இந்த 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' சமாசாரத்தைப் பார்த்துடுவோம். 1958-ல அமெரிக்கப் பாடகர் ஜானி மேத்திஸுக்கு வந்த 'ஜானிஸ் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' ஆல்பத்துல இருந்துதான் இந்தப் பழக்கம் சூடுபிடிச்சதுன்னு சொல்வாங்க. ஏற்கெனவே தனித்தனியா வெளிவந்த பாட்டுகளை ஒரே தட்டுல அடுக்குறது, அவ்வளவுதான் விஷயம். கம்பெனிக்குப் புது ரெக்கார்டிங் செலவு இல்லை. கேட்கிறவங்களுக்குத் தேடுற வேலை இல்லை. அந்த நாட்டு கிராமியப் பாடகி பேட்ஸி க்ளைன் 1963-ல விமான விபத்துல இறந்துபோனாங்க. வயசு 30. அவங்க கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் ஆல்பம் வந்தது 1967-ல. அவங்க உயிரோட இருந்தப்போ பிறக்காதவங்ககூட அந்த ஆல்பம் வழியாத்தான் அவங்களைத் தெரிஞ்சுக்கிட்டாங்க.

நம்ம ஊர்ல இந்த வேலையைச் செஞ்சது பெரிய கம்பெனிகள் மட்டும் இல்லை, தெருமுனை ரெக்கார்டிங் சென்டர்களும்தான். ஒரு வெள்ளைத்தாள்ல பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுப்பாங்க. 60 நிமிஷ கேசட்னா ஒரு பக்கத்துக்கு 30 நிமிஷம், அஞ்சாறு பாட்டு. கடைசிப் பாட்டு பாதியில அறுந்துடக் கூடாதேன்னு கடைக்காரர் மனக்கணக்கு போட்டு வரிசையை மாத்துவார். உங்க அப்பா, சித்தப்பாவைக் கேட்டுப் பாருங்க, இதுக்குன்னே ஒரு கதை வெச்சிருப்பாங்க. இன்னைய பிளேலிஸ்ட்டுக்குத் தாத்தா அந்த வெள்ளைத்தாள்தான்.

சரி, குணசேகரன் விஷயத்துக்கு வருவோம். 1955-ல சிவகங்கைப் பக்கம் மாரந்தையில பிறந்தவர். மேடையில பாடகர், வகுப்புல பேராசிரியர். நாட்டுப்புறப் பாட்டை ஆராய்ச்சி பண்ணி எழுதுறவங்க உண்டு, பாடுறவங்க உண்டு. ரெண்டையும் ஒரே ஆளு, ரெண்டுலயும் சோடை போகாம செஞ்சது அபூர்வம். காலாப்பட்டுல இருக்கிற புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தோட சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில பாடம் எடுத்தார். சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்துக்கு இயக்குநரா இருந்தார். 'பலியாடுகள்' நாடகம் எழுதினார். 'தன்னானே' கலைக்குழுவோட ஊர் ஊராப் போய்ப் பாடினார். 2016 ஜனவரி 17-ல புதுச்சேரியில காலமானார்.

அவர் ஹிட்ஸ்ல முதல் பாட்டு எதுன்னு சண்டையே வேண்டாம். 'மனுசங்கடா'. கீழ்வெண்மணியில 1968 டிசம்பர் 25 ராத்திரி, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள்ள எரிச்சுக் கொல்லப்பட்டாங்க. அந்தக் கொடுமையோட கோபத்தைச் சுமந்த பாட்டு அது. இதைக் கேட்கும்போது வேற வேலை பார்க்காதீங்க. பின்னணியில ஓடவிடுற பாட்டு இல்லை இது. அதோட வீச்சு எவ்வளவுன்னா, பல வருஷம் கழிச்சு அம்ஷன் குமார் இயக்கின படத்துக்கும் 'மனுசங்கடா'ன்னுதான் பேர்.

இங்கேதான் ஒரு சிக்கல். 'மனுசங்கடா' யாரோட பாட்டுன்னு கேட்டா, நிறைய பேர் குணசேகரன்னு டக்குனு சொல்லிடுவாங்க. எழுதினது கவிஞர் இன்குலாப். பாடிப் பாடி ஊருக்குள்ள கொண்டுபோய்ச் சேர்த்தவர் குணசேகரன். பேட்ஸி க்ளைனுக்கும் இதே கதைதான். அவங்க பேரைச் சொன்னாலே ஞாபகம் வர்ற 'க்ரேஸி' பாட்டை எழுதினது வில்லி நெல்சன். தொகுப்பு ஆல்பத்தோட பெரிய பலவீனம் இது. அட்டையில ஒரே முகம், ஒரே பேர். மத்தவங்க எல்லாம் பொடி எழுத்துக்குப் போயிடுவாங்க. யாரோ மொபைல்ல ஏத்தின பதிவுல அந்தப் பொடி எழுத்தும் காணாமப் போயிடும். அப்புறம் 'கிராமியப் பாடல்'னு ஒரே ஒரு வார்த்தை. எழுதினவர் இல்லை, பறை அடிச்சவர் இல்லை, கூட நின்னு குரல் கொடுத்த பொண்ணு இல்லை.

"நாட்டுப்புறப் பாட்டுக்கு ஏதுங்க சொந்தக்காரர்?"னு கேட்பீங்க. வாய்வழியா வந்த தாலாட்டுக்கும் நடவுப் பாட்டுக்கும் தனி ஆள் சொந்தக்காரர் இல்லைதான். ஆனா ஒருத்தர் உட்கார்ந்து எழுதின பாட்டு வேற கணக்கு. நம்ம காப்புரிமைச் சட்டப்படி எழுதினவரோட வாழ்நாளும், அதுக்குப் பிறகு 60 வருஷமும் வரிகளுக்கு உரிமை உண்டு. இன்குலாப் இறந்தது 2016 டிசம்பர் 1. அப்போ 2076 முடியிற வரைக்கும் அவர் வரிகள் பொதுச்சொத்து ஆகாது. ஒலிப்பதிவுக்குத் தனியா, வெளிவந்ததுல இருந்து 60 வருஷம். பாட்டு பழைய தாலாட்டாவே இருந்தாலும், அதைப் பாடிப் பதிவு பண்ணின கேசட்டுக்கு ஒரு உரிமையாளர் இருப்பார். ரீல்ஸ்ல ஒட்டும்போது இதை மனசுல வெச்சுக்கங்க.

இன்னொரு ஆதங்கமும் உண்டு. நாட்டுப்புறக் கலைஞரோட 'ஹிட்ஸ்'னு தேடினா சினிமாப் பாட்டுதான் முதல்ல வந்து நிக்குது. பரவை முனியம்மான்னா 2003-ல வந்த 'தூள்'. சின்னப்பொண்ணுன்னா 2008-ல வந்த 'நாக்க முக்க'. கொல்லங்குடி கருப்பாயின்னா 'ஆண்பாவம்' படம். சினிமா அவங்களுக்குச் சோறு போட்டுச்சு, பேர் வாங்கிக் கொடுத்துச்சு, குறை சொல்லலை. ஆனா ஒரு அஞ்சு நிமிஷப் பாட்டு, அதுக்கு முன்னாடி மேடை மேடையா நின்ன இருபது முப்பது வருஷத்தை முழுங்கிடுது. சின்னப்பொண்ணு சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடி ஏறின மேடைகள்ல குணசேகரன் குழுவோட மேடையும் உண்டுங்கிறது 'நாக்க முக்க'வுக்கு ஆடின எத்தனை பேருக்குத் தெரியும்?

அதனால உங்க லிஸ்ட்டை நீங்களே போடுங்க. 'மனுசங்கடா' முதல்ல. அடுத்து 'தன்னானே', 'அக்னிஸ்வரங்கள்' தொகுப்புகள்ல இருந்து கிடைக்கிறதை எடுங்க. கோபப் பாட்டாவே அடுக்காம நடுவுல ஒரு காதல் பாட்டு, ஒரு கேலிப் பாட்டு சேருங்க, காது களைச்சுப்போகும். ஸ்டுடியோ பதிவும் மேடைப் பதிவும் கிடைச்சா, நான் மேடைப் பதிவைத்தான் எடுப்பேன். சத்தம் சுத்தமா இருக்காது, ஆனா கூட்டம் திருப்பிப் பாடுறது அதுலதான் கேட்கும். கூடவே அவர் தன்வரலாறு 'வடு'வைப் படிங்க, சின்னப் புத்தகம். இளையான்குடியில முஸ்லிம்கள் மத்தியில சாதி பார்க்காமப் பழகின பையன், பக்கத்துக் கிராமங்களுக்குப் போனா என்ன பட்டான்னு எழுதியிருப்பார். அதைப் படிச்சுட்டு மறுபடி முதல் பாட்டைக் கேட்டா வேற மாதிரி கேட்கும்.

வீட்டுப் பரண்ல கேசட் இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க. டேப்புல வெள்ளைப் பூஞ்சை படிஞ்சிருந்தா பிளேயர்ல போட வேண்டாம், விவரம் தெரிஞ்சவங்ககிட்ட கொடுங்க. நல்லா இருந்தா, பிளேயரோட ஹெட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால துடைச்சுட்டு, ஹெட்போன் துளையில இருந்து ஒரு கேபிளை லேப்டாப்புக்கு இழுங்க. ஆடாசிட்டி இலவச சாஃப்ட்வேர், அதுல ரெக்கார்ட் பண்ணலாம். குறுக்குவழி கிடையாது, 60 நிமிஷ கேசட்டுக்கு 60 நிமிஷம் உட்காரணும். ஓடிட்டிருக்கும்போதே டப்பாவுக்குள்ள மடிச்சு வெச்சிருக்கிற அட்டையை ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்துடுங்க. எழுதினவர், வாசிச்சவங்க, கூடப் பாடினவங்க பேரெல்லாம் அதுலதான் இருக்கு.