மஃபினும் புறம்போக்கும்

இந்தப் பக்கம் தலைவச்சுப் படுத்து ரெண்டு மாசம் ஆச்சு. தீசிஸ் சமர்ப்பிக்க இன்னும் ரெண்டே வாரம்தான். அதை ஒழுங்கா உக்காந்து எழுதாம என்ன பண்றேன்னு கேக்கறீங்களா? மஃபின் சுட்டுக்கிட்டு இருக்கேன். :-)

விம்பிள்டன்னு சொன்னா நம்ம ஆளுங்களுக்கு டென்னிஸ்தான் ஞாபகம் வரும். 1960லயும் 61லயும் நம்ம ராமநாதன் கிருஷ்ணன் அரையிறுதி வரைக்கும் வந்த ஊராச்சே. டென்னிஸ் சீசன்ல இங்க ஸ்ட்ராபெர்ரியும் கிரீமும் பிரசித்தம். ஆனா என்னை மாதிரி பகுதி நேர வேலை பார்த்து வாடகை கட்டற ஜீவன்களுக்கு ஆகஸ்ட், செப்டம்பர்தான் உண்மையான பழ சீசன். 93-ம் நம்பர் பஸ்ஸைப் பிடிச்சு மேட்டுல ஏறி, விம்பிள்டன் காமன்ல இறங்கினா, புதர் முழுக்கக் கருகருன்னு பிளாக்பெர்ரி. காசே கிடையாது. ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவும், முள்ளு குத்தினா தாங்கற மனசும் இருந்தாப் போதும்.

போன ஞாயித்துக்கிழமை பறிச்சுக்கிட்டே அம்மாகிட்ட போன்ல பேசிட்டு இருந்தேன்.

"யாரு எடம்டி அது? புடிச்சுக்கிடிச்சு வச்சுரப் போறாங்க."

"யாரு எடமும் இல்லம்மா. நம்ம ஊர்ல புறம்போக்குன்னு சொல்லுவோமே, அந்த மாதிரி."

"லண்டன்ல புறம்போக்கா!" அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கலை.

சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். அப்புறம் தோண்டிப் பார்த்தா, நான் சொன்னது கிட்டத்தட்ட சரிதான். அதுல கிடைச்ச கதைதான் இந்தப் பதிவு.

முதல்ல மஃபின். இந்தப் பேர்ல ரெண்டு பண்டம் இருக்கு. பழைய இங்கிலீஷ் மஃபின் ஈஸ்ட் போட்டுப் புளிக்க வச்சு, கல்லுல சுட்டு எடுக்கற தட்டையான ரொட்டி. ஹன்னா கிளாஸ் 1747ல போட்ட சமையல் புத்தகத்துலயே அதுக்குச் செய்முறை இருக்கு. நம்ம ஊர் சோன்பப்டிக்காரர் மாதிரி, தலையில தட்டை வச்சுக்கிட்டு மணியடிச்சுத் தெருத்தெருவா வித்திருக்காங்க. நான் சுடற கிண்ண வடிவ மஃபின் வேற. அது அமெரிக்காவுல வளர்ந்தது. ஈஸ்ட் கிடையாது, நம்ம ஆப்ப சோடாவோட வேலை.

சோடா காரம். அதோட ஒரு புளிப்பு சேர்ந்தா கரியமில வாயு கிளம்பும், மாவு உப்பும். ரெண்டையும் உலர்ந்த தூளா ஒரே டப்பாவுல அடைச்சதுதான் பேக்கிங் பவுடர். 1843ல பர்மிங்காம்ல ஆல்ஃபிரட் பேர்டுன்னு ஒரு மருந்துக்கடைக்காரர் அப்படி ஒண்ணைச் செஞ்சார். அவர் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்காதாம். முட்டையும் ஒத்துக்காதுன்னு அதுக்கு முன்னாடியே 1837ல முட்டையில்லாத கஸ்டர்ட் பவுடர் கண்டுபிடிச்ச அதே மனுஷர். (ரங்கமணிகள் கவனிக்கவும்!)

இப்போ மாவு. காமனுக்கு நடுவுல ஒரு காற்றாலை நிக்குது. 1817ல கட்டினது. சுத்துவட்டார ஜனங்க அவங்கவங்க தானியத்தைக் கொண்டுவந்து அரைச்சுக்கறதுக்காக. இன்னிக்கு அது மியூசியம். மாவரைக்கறது 1864லயே நின்னுபோச்சு. ஏன் நின்னுதுன்னு பார்த்தாத்தான் நம்ம மேட்டர் வருது.

அந்த வட்டாரத்துக்கு நிலப்பிரபு ஐந்தாம் ஏர்ல் ஸ்பென்சர். (ஆமாங்க, பின்னால டயானா பிறந்த அதே குடும்பம்தான்.) 1864ல அவர் ஒரு திட்டம் போட்டார். காமன்ல ஒரு பகுதியை வித்துடறது, மீதியைச் சுத்தி வேலி போட்டுப் பூங்கா ஆக்கறது, காற்றாலை நிக்கற இடத்துல தனக்கு ஒரு மாளிகை கட்டிக்கறது. இதுக்குப் பாராளுமன்றத்துல மசோதாவும் கொண்டுவந்தார். காரணம் என்ன சொன்னார் தெரியுமா? இடம் சதுப்பா கிடக்கு, உடம்புக்குக் கெடுதல், கண்டவங்க வந்து தங்கறாங்க. எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இல்லை?

ஊர்க்காரங்க ஒத்துக்கலை. காமன் சட்டப்படி பிரபுவோட சொத்துதான், ஆனா அதுல ஆடுமாடு மேய்க்க, விறகு பொறுக்க ஊராருக்குப் பரம்பரை உரிமை உண்டுன்னு கமிட்டி போட்டாங்க. முன்னால நின்னவர் ஹென்றி பீக். டீ, மசாலா வியாபாரக் குடும்பம். பீக் ஃப்ரீன் பிஸ்கட் கம்பெனியும் அந்தக் குடும்பத்தோடதுதான். நாம டீயில முக்கித் தின்ன போர்பன் பிஸ்கட்டை 1910ல உலகத்துக்குக் கொடுத்தவங்க. மசோதா தோத்துது. வழக்கு கோர்ட்டுக்குப் போச்சு. கடைசியில சமரசம் ஆகி, 1871ல விம்பிள்டன், பட்னி காமன்களுக்குன்னே தனிச் சட்டம் வந்துது. பிரபுவுக்கு வருஷா வருஷம் ஒரு தொகை. நிலம் ஒரு காப்பாளர் குழு கையில. குழுவுல பெரும்பாலானவங்களை முக்கால் மைல் சுத்துல வரி கட்டறவங்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கறாங்க. ஏறக்குறைய 1,140 ஏக்கர், இன்னிக்கும் அப்படியே.

ஹென்றி பீக் ஒண்ணும் ஏழைப்பங்காளன் இல்லை. காமனை ஒட்டியே பெரிய வீடு வச்சிருந்த பணக்காரர். ஜன்னலைத் திறந்தா பச்சை தெரியணும்னு அவருக்கும் ஆசை இருந்திருக்கும். இருந்துட்டுப் போகட்டும். அவர் காப்பாத்தின புதர்ல இன்னிக்கு நான் பறிக்கறேன்.

இன்னொரு சங்கதி. 1968ல வந்த திருட்டுச் சட்டத்துல ஒரு பிரிவு இருக்கு. தானா விளைஞ்ச காட்டுச்செடியில பழம் பறிக்கறது திருட்டு ஆகாது, விக்கறதுக்காகப் பறிச்சாத்தான் குத்தம். அம்மா, நிம்மதியா?

ஆனா எனக்கு நிம்மதி இல்லை. காரணம் ஒரு வருஷக் கணக்கு. இந்த மாதிரிப் பொது நிலங்களைக் காப்பாத்த லண்டன்ல ஒரு சங்கம் ஆரம்பிச்சது 1865. அதே 1865லதான் வெள்ளைக்காரன் இந்தியாவுக்கு முதல் வனச் சட்டம் போட்டான். 1878ல இன்னும் இறுக்கினான். 1882ல மெட்ராஸ் மாகாணத்துக்குத் தனிச் சட்டம். தலைமுறை தலைமுறையா ஜனங்க மாடு மேய்ச்ச, விறகு பொறுக்கின காடெல்லாம் சர்க்கார் காடாச்சு. உள்ளே போனா அபராதம். இங்கே உரிமைன்னு ஒத்துக்கிட்டதை அங்கே குத்தம்னு சொன்னது ஒரே சர்க்கார்தான். வரி வராத நிலத்துக்கு ரெவின்யூ கணக்குல புறம்போக்குன்னு பேரு. மந்தை, மேய்ச்சல், கண்மாய் எல்லாம் அதுல அடக்கம். ஊருக்கே சோறு போட்ட நிலத்தோட பேரு இன்னிக்கு நமக்கு ஒரு வசவுச் சொல்.

சிவகங்கைப் பக்கம் எங்க ஊர்க் கண்மாய்க்கரையில ஒரு நாவல் மரம் இருந்துது. ஆடி மாசம் அப்பத்தா பழைய சேலையை விரிச்சுப் பிடிக்க, நாங்க கிளையை உலுக்குவோம். நாக்கெல்லாம் ஊதா. நான் பிளஸ் டூ படிக்கறப்போ கரையோட ஒரு பக்கத்தைத் தூர்த்து ஒரு கட்டடம் வந்துது, மரம் போச்சு. யாரும் எங்களை ஒரு வார்த்தை கேக்கலை. நாங்களும் யாரையும் கேக்கலை. எனக்கு அப்போ பரீட்சை.

முதல் தடவை பிளாக்பெர்ரி மஃபின் சுட்டப்போ அந்த மரம் ஞாபகம் வந்துடுச்சு. சோடா கொஞ்சம் அதிகமாப் போச்சு. பழத்தைச் சுத்தி மாவு நீலப்பச்சையா மாறிடுச்சு. பிளாக்பெர்ரி, நாவப்பழம் ரெண்டுலயும் இருக்கற ஆந்தோசயனின் நிறமி புளிப்புல சிவக்கும், காரத்துல நீலமாகும். வீட்டுல கூட இருக்கற பொண்ணு பூஞ்சைன்னு நினைச்சு ஓடியே போயிட்டா. :-)

இப்போ கைக்கு வந்த அளவு: மைதா 250 கிராம், சர்க்கரை 100, பேக்கிங் பவுடர் ரெண்டு டீஸ்பூன், சோடா கால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. இன்னொரு பாத்திரத்துல முட்டை ரெண்டு, தயிர் 200 மில்லி, எண்ணெய் 80 மில்லி. ரெண்டையும் சேர்த்துப் பத்துப் பன்னெண்டு கிளறு, அவ்வளவுதான். அழுத்திப் பிசைஞ்சா ரப்பர் ஆயிடும். கடைசியா 150 கிராம் பழம். சூடாக்கின அவன்ல 190 டிகிரியில இருபதுலருந்து இருபத்தஞ்சு நிமிஷம். பன்னெண்டு வரும்.

நேத்து ராத்திரி அம்மா போன்ல இன்னொண்ணு சொன்னாங்க. கண்மாயோட மிச்சக் கரையிலயும் யாரோ கல்லு நட்டிருக்காங்களாம். யாருன்னு ஊர்ல யாருக்கும் தெரியலை.

நான் ஏர்ல் ஸ்பென்சர் கதையை முழுசாச் சொன்னேன். ஏரி ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாட்டுல 2007லயே சட்டம் இருக்கு, கிராமத்துப் பொது நிலத்தைக் காலி பண்ணி ஊருக்கே திருப்பிக் கொடுக்கணும்னு 2011ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பும் இருக்குன்னு சொன்னேன். அக்டோபர் 2 கிராம சபையில எழுந்து நின்னு, "கண்மாயை அளந்து காட்டுங்க"ன்னு கேளும்மான்னு சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "நான் ஒருத்தி கேட்டா ஆகுமாடி?"

"பக்கத்து வீட்டு அத்தையையும் கூட்டிட்டுப் போம்மா. அங்கேயும் கமிட்டிதான் போட்டாங்க."

"சரி, பாக்கறேன்"னாங்க. எங்கம்மா அகராதியில "பாக்கறேன்"னா பாதி சம்மதம்.

பி.கு: செப்டம்பர் 29க்கு அப்புறம் பிளாக்பெர்ரி பறிக்கக் கூடாது, சாத்தான் துப்பிடுவான்னு இங்கே ஒரு நம்பிக்கை. மழையும் பூஞ்சையும் வர்ற காலம்கறதுதான் நிஜம். அதுக்குள்ள இன்னும் ரெண்டு தடவை போயிடணும். உங்க ஊர்க் கண்மாய், ஏரி, மந்தை எப்படி இருக்குன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா.