அகதி ஒருவர் தந்த அச்சுப் பலகை

தொலைக்காட்சிப் படம் திடீரெனச் சுருங்கி ஒற்றை வெண்கோடாக நின்றதையும், பெட்டியின் பக்கத்தில் தட்டியதும் மீண்டதையும் நம்மில் பலர் கண்டிருக்கிறோம். பழைய குழாய்ப் பெட்டிகளில் இது அடிக்கடி நேர்ந்தது. உள்ளிருந்த மின்சுற்றுப் பலகையில் ஈயப்பற்று ஒன்று விடுபட்டமையே பெரும்பாலும் காரணம். அப்பலகையின் வரலாறு, நம்மைப் போன்ற ஓர் அகதியின் வரலாறுமாகும்.

1926 ஜனவரி 26 அன்று இலண்டன் சோஹோவில் ஜோன் லோகி பெயர்ட் தொலைக்காட்சியை அறிஞர் முன்னிலையில் இயக்கிக் காட்டினார். 1936 நவம்பர் 2 அன்று அலெக்சாண்ட்ரா மாளிகையிலிருந்து பி.பி.சி. தனது தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியது. அதே 1936ஆம் ஆண்டில் வியன்னாவிலிருந்து போல் ஐஸ்லர் என்னும் யூதப் பொறியியலாளர் இந்நகருக்கு வந்து சேர்ந்தார்.

அக்காலத்தில் வானொலி, தொலைக்காட்சிப் பெட்டிகளின் உறுப்புகளைக் கம்பிகளால் தொடுத்து, ஒவ்வோர் இணைப்பையும் கையாலேயே பற்றவைத்தனர். அச்சுத் தொழிலையும் அறிந்திருந்த ஐஸ்லர், மின்பாதையைச் செப்புத் தகட்டில் அச்சிட்டு, எஞ்சிய செம்பை இரசாயனக் கரைசலால் அரித்து அகற்றலாம் எனக் கண்டார். ஹாம்ஸ்ரெட் வாடகை அறையில் அவ்வாறே ஒரு வானொலியையும் அமைத்தார்.

ஆயினும், நாசிகளிடமிருந்து தப்பி வந்த அவரையே 1940இல் பிரித்தானிய அரசு ‘எதிரி நாட்டவர்’ எனத் தடுத்து வைத்தது. விடுதலையான பின் ஓர் அச்சக நிறுவனத்தில் சேர்ந்தவர், ஒப்பந்தத்தைச் சரிவர வாசியாது ஒப்பமிட்டார். கண்டுபிடிப்பின் உரிமை நிறுவனத்தைச் சேர்ந்தது. காப்புரிமைக்கு 1943இல் விண்ணப்பிக்கப்பட்டது. 1950களில் அச்சுப் பலகைகள் வீட்டுப் பெட்டிகளுள் புகுந்தன. ஐஸ்லர் 1992இல் இலண்டனில் காலமானார்.

பலகை வந்தபின்னும் ஈயப்பற்றின் தேவை ஒழியவில்லை. பெட்டி இயங்கும்போது சூடாகும் உறுப்புகள் விரிகின்றன, நிறுத்தியதும் சுருங்குகின்றன. ஆண்டுக்கணக்கில் இது தொடர, உறுப்பின் காலைச் சுற்றி மயிரிழை போன்ற வளைய வெடிப்புத் தோன்றும். உருப்பெருக்கிக் கண்ணாடியால் அதனைக் கண்டு, பழைய ஈயத்தை உருக்கி அகற்றி, உறுப்பின் காலையும் செம்பையும் ஒருங்கே சூடாக்கிப் புதிய ஈயம் இட்டு, அசையாது ஆறவிடுதலே திருத்தும் முறை. எனினும் மின்தொடர்பைத் துண்டித்த பின்னரும் படக்குழாயில் பல்லாயிரம் வோல்ற் தங்கியிருக்கக்கூடும் என்பதால், தொழில் தெரியாதோர் பெட்டியைத் திறத்தல் ஆபத்தானது.

2012இல் இலண்டனில் அனலொக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. குழாய்ப் பெட்டிகள் மறைந்தன; அச்சுப் பலகையோ இன்று நம் கைத்தொலைபேசிகளிலும் இருக்கிறது. அதைத் தந்தவரின் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே.

சான்றிதழ்களை இழந்தும் கைத்திறனை இழக்காது இந்நகருக்கு வந்தவர்கள் நம்மிடையேயும் உண்டு. ஒப்பமிடுமுன் ஒவ்வொரு தாளையும் வாசிப்போம். அவர்கள் செய்தவற்றை அவர்கள் இருக்கும்போதே பெயருடன் எழுதி வைப்போம். நம் வரலாற்றைப் பிறர் வந்து எழுதுவர் எனக் காத்திருத்தல் தகாது.