கண்ணோட்டமும் கருவியின் கண்ணும்

ஒரு பொருளை எவ்விடத்து நின்று பார்க்கிறோம் என்பதைச் சுட்ட இன்றைய தமிழில் பார்வை, நோக்கு, கோணம், கண்ணோட்டம் எனப் பல சொற்கள் வழங்குகின்றன. இவற்றுள் கண்ணோட்டம் என்பதன் வரலாறு தனியே ஆராயத்தக்கது. திருக்குறளின் 58-ஆம் அதிகாரம் இப்பெயருடையது. பொருட்பாலின் அரசியற் பகுதியில் அமைந்த அவ்வதிகாரத்தில், கண்ணுக்கு எதிர்ப்பட்டார்மேல் இரக்கம் செல்லுதலையே இச்சொல் குறிக்கிறது. காண்பவன் உள்ளம் காணப்படுபவரை நோக்கி நகர்கிறது. இருபதாம் நூற்றாண்டின் இதழ்த்தமிழிலோ, காண்பவன் தான் நின்ற இடத்திலேயே நின்றுகொள்வதற்கு அது பெயராயிற்று. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் 'நோக்கு' என்னும் உறுப்பு வேறு. அது தனிக் கட்டுரைக்குரியது.

நின்ற இடத்தில் நிற்கும் பார்வையை ஓவிய இலக்கணமாக்கியவர் இத்தாலியர். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளாரன்ஸ் நகரத்துப் புருனெல்லெஸ்கி, அந்நகரின் திருமுழுக்குக் கோயிலை ஒரு சிறு பலகையில் தீட்டி, அதில் ஒரு துளையிட்டார். பலகையின் பின்புறத்துத் துளையில் ஒரு கண்ணை வைத்து, எதிரே பிடித்த கண்ணாடியில் ஓவியத்தின் பிம்பத்தைக் காண வேண்டும். கண்ணாடியை விலக்கினால் அதே இடத்தில் உண்மைக் கட்டடம் தெரியும்! 1435-இல் ஆல்பர்ட்டி இம்முறைக்கு நூல்வழி விதி வகுத்து, ஓவியத்தைத் திறந்த சாளரத்திற்கு ஒப்பிட்டார். இவர்களுக்கு அடிப்படையாக நின்ற ஒளியியல், பதினோராம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம் எழுதிய அரபு நூலின் இலத்தீன் பெயர்ப்பால் ஐரோப்பாவில் பரவியது என்பதை மறத்தலாகாது.

இம்முறையின் விலை, ஒரே கண். அதுவும் அசையாத கண். 1839-இல் உலகறிய வெளிப்பட்ட புகைப்படக் கருவி அக்கண்ணை அவ்வாறே மரபுரிமையாகப் பெற்றது. கருவி காட்டுவதே உண்மை என்ற எண்ணம் வேரூன்றியபின், 'இந்திய ஓவியருக்குத் தொலைவுக் காட்சி தெரியாது' என்னும் தீர்ப்பும் எளிதாயிற்று. நம் பாடநூல்கள் சிலவும் அதனை நாணமின்றி வழிமொழிந்தன.

தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் சோழர் ஓவியங்களை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். கருவறையைச் சூழ்ந்த அந்தச் சுற்றுவழி மிகக் குறுகியது. பின்னோக்கி நகர்ந்து, முழுச் சுவரையும் ஒரு நிலையில் நின்று காண இடமில்லை. அங்கே சுந்தரர் ஒரே சுவரில் பலமுறை வருகிறார். திருமணத்தில் முதியவர் வந்து ஓலை காட்டி வழக்கிடுகிறார். வேறொரு பகுதியில் சுந்தரர் வெள்ளை யானைமேல் கயிலை செல்ல, சேரமான் குதிரையில் உடன் செல்கிறார். பிளாரன்சின் துளை இங்கே பயன்படாது. காண்பவர் நடக்க வேண்டும், அண்ணாந்து பார்க்க வேண்டும், மீண்டும் திரும்ப வேண்டும். அறியாமையால் அன்று, இடத்தையும் கதையையும் அறிந்தமையால் ஓவியர் இவ்வாறு அமைத்தனர் என்பதே என் துணிபு. ஆயினும் பிளாரன்ஸ் வடிவியல் இங்கு முன்பே இருந்தது என்று பெருமை பேசுவதும் பிழையே.

அதே கோயிலில் கருவியும் ஒருமுறை நடக்க நேர்ந்தது. சென்னை அரசு 1856-இல் ஒளிப்படம் எடுக்க அமர்த்திய படை அதிகாரி லின்னேயஸ் டிரைப், 1858-இல் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டுகளைப் படமெடுக்க முனைந்தார். ஓரிடத்தில் நின்று எடுப்பின் அருகிலுள்ள எழுத்து பெரிதாகும். தொலைவிலுள்ளது சுருங்கி மங்கும், படிக்க இயலாது. எனவே கருவியைச் சுவரின் நெடுகே சிறிது சிறிதாக நகர்த்தி, 21 படங்களை எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். எல்லா எழுத்துகளும் நேர்முகமாக நிற்கும் அப்படத்தில் தொலைவு என்பதே இல்லை. சாளரத்தைக் காட்டிலும் சுருளையே அது ஒத்திருக்கிறது.

அவர் பணி 1860-இல் செலவு கருதி நிறுத்தப்பட்டது. ஹுல்ட்ஷ் அக்கல்வெட்டுகளைப் படித்து 1891 முதல் அச்சேற்றினார். தான் கொடுத்தனவும், தமக்கை குந்தவை கொடுத்தனவும், தன் தேவியரும் பிறரும் கொடுத்தனவும் கல்லிலே வெட்டுக என்பது அங்குள்ள இராசராசன் ஆணை. தன் பெயருக்கு அடுத்து அவன் வைப்பது தமக்கையை. அவ்வரிசையை இன்றும் சுவரோடு நடந்துதான் படிக்க வேண்டியிருக்கிறது.