சென்னை மாகாணத்தில் கால்நடை மருத்துவக் கல்வியின் தோற்றமும் வானூர் மாணவரும்

முன்னுரை

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தின் சிற்றூர்களில் கறவை மாடு வளர்க்கும் வீட்டிலிருந்து ஒருவர் கால்நடை மருத்துவராக வேண்டுமெனில் அவர் கடக்கவேண்டிய வழி யாது, அவ்வழி யாருடைய தேவைக்காக அமைந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கொள்ளைநோயும் கல்லூரியும்

மாட்டு வைத்தியம் தமிழர்க்குப் புதிதன்று. மாட்டு வாகடங்கள் ஏட்டுச்சுவடிகளாக வழங்கிவந்தன. அவ்வறிவு குடும்பவழியே கைமாறியது. பிரான்சின் லியோன் நகரில் 1761இல் தொடங்கிய முறை இதனின்றும் வேறானது. உடற்கூறு, வகுப்பறை, தேர்வு என்பவற்றைக் கொண்ட அம்முறைக்கும் மாடுகளை அழித்த வெக்கை நோயே உந்துதல் என்பது குறிப்பிடத்தக்கது. அந்நோயே இந்தியாவிலும் ஆங்கில அரசைக் கவலைக்குள்ளாக்கியது. மாட்டுக் கொள்ளைநோய்களை ஆராய அமர்த்தப்பட்ட குழு 1871இல் அறிக்கை அளித்தது.

சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903 அக்டோபர் 1 அன்று, ‘டாபின் ஹால்’ எனப்பட்ட சிறு கட்டடத்தில் 20 மாணவர்களுடன் தொடங்கியது. தொடக்கத்தில் வழங்கப்பட்டது பட்டயமே. நோய்த்தடுப்புப் பணிக்குக் களப்பணியாளர் தேவைப்பட்டனர். கல்லூரி அவர்களை உருவாக்கியது. ஆகவே இதனை உழவர் கேட்டுப் பெற்ற கல்வி என்பதைவிட, அரசு தன் துறைக்கு ஆள் சேர்த்த கல்வி என்பதே பொருந்தும்.

என் கருத்தில் 1903ஐவிட முதன்மையான ஆண்டு 1935. அவ்வாண்டில் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. கால்நடை மருத்துவத்தில் இளநிலைப் பட்டம் வழங்கிய முதல் இந்திய நிறுவனமும் ஆயிற்று. அதுவரை துறைப் பயிற்சியாக இருந்தது அதன்பின் உயர்கல்வியாயிற்று. ஆயினும் வாகட அறிவு அப்பாடத்திட்டத்தில் இடம்பெறவில்லை. மாட்டுக்காரர் அறிந்த சப்பை நோயும் அடைப்பானும் கோமாரியும் வேற்றுமொழிப் பெயர்களில் பயிலப்பட்டன.

இன்றைய வழி

1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் தகுதியையும் பதிவையும் நாடு முழுமைக்கும் வரையறுத்தது. 1989இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அமைந்தது. இன்று பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல், இயற்பியல், வேதியியல் பயின்றவர் ஐந்தரை ஆண்டுகள் கற்றாக வேண்டும். அதில் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி. மாநில மன்றத்தில் பதிவு செய்த பின்னரே அவர் மருத்துவம் பார்க்கலாம். பாடமொழி ஆங்கிலம், தமிழ்வழி பயின்ற மாணவருக்கு முதலாண்டின் உடற்கூறே பெருந்தடை.

சேர்க்கை மதிப்பெண் அடிப்படையிலானது. மாடு வளர்ப்பில் ஈடுபட்ட அனுபவத்திற்கு அதில் எடையில்லை. 2021இல் இயற்றப்பட்ட சட்டம் அரசுப் பள்ளி மாணவர்க்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு முன்னுரிமை அளித்தது. கால்நடை மருத்துவமும் அதனுள் அடங்கும். வானூர் போன்ற வட்டங்களுக்கு இதுவே அண்மையில் திறந்த வாயில்.

வானூருக்கு மிக அண்மையிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி புதுச்சேரியின் குரும்பாப்பேட்டில் உள்ளது. அது வேறு ஆட்சிப்பகுதி, தமிழ்நாட்டின் 7.5 விழுக்காடு அங்குச் செல்லாது. எனவே அருகிலிருக்கும் கல்லூரியைக் கடந்து, சென்னைக்கோ நாமக்கல்லுக்கோ ஒரத்தநாட்டிற்கோ வானூர் மாணவர் செல்லவேண்டியுள்ளது.