சேவைக்குப் பட்டம் எதற்கு?

குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊர் குரோம்பேட்டை. அதனை அடுத்த இரயில் நிலையம் தாம்பரம் சானடோரியம். காசநோயாளருக்கென மருத்துவர் சவுரிமுத்து 1928-இல் அங்குத் தொடங்கிய மருத்துவமனையை 1937-இல் அரசு ஏற்றது. மருத்துவமனைகள் பல சூழ்ந்த பகுதி இது. ஆதலால் இரவுப் பணி முடித்து, வீடு செல்லுமுன் அதிகாலைத் திருப்பலிக்கு வரும் செவிலியரை நாம் நன்கு அறிவோம்.

அவர்களுள் ஒருவர் சென்ற ஆண்டு நம்மிடம் வந்தார். மூன்றாண்டுப் பட்டயப் பயிற்சி முடித்துப் பல ஆண்டுகள் பணியாற்றியவர். பி.எஸ்சி. முடித்து, பின்னர் எம்.எஸ்சி. நர்சிங்கும் பயில விரும்பினார். "ஃபாதர், வீட்டில் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்" என்றார். நாமோ, "இருக்கிற வேலைக்கு இறைவனுக்கு நன்றி சொல்லம்மா, சேவைக்குப் பட்டம் எதற்கு?" என்றோம். அவர் மறுமொழி கூறாது சென்றார். பக்தி போலத் தோன்றிய அவ்வறிவுரை பிழையானது என்பதைத் திருச்சபையின் வரலாறே பின்னர் நமக்கு உணர்த்திற்று.

1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், உயர்நிலைத் திருப்பட்டம் பெற்றோர் அறுவை மருத்துவம் செய்வதைத் தடுத்தது. 1917-இன் திருச்சபைச் சட்டத் தொகுப்போ, உரோமையின் சிறப்பு அனுமதியின்றிக் குருக்களும் துறவியரும் மருத்துவத் தொழில் புரியலாகாது என்றது. கன்னியர் நோயாளரைப் பேணலாம்; மகப்பேற்றுக்கு உதவுவது அவர்தம் வாழ்வுக்குத் தகாது எனக் கருதப்பட்டது. நோக்கம் தூயதே. எனினும் அதன் விலையைச் செலுத்தியோர், ஆண் மருத்துவரை அணுக இயலாத ஏழைத் தாய்மாரும் அவர்தம் பச்சிளங் குழந்தைகளுமே.

இதைக் கண்டு நெஞ்சு பொறாதவர் ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் ஆக்னஸ் மெக்லாரன். அறுபது வயதைக் கடந்தபின் கத்தோலிக்க மறையைத் தழுவியவர். இராவல்பிண்டியில் பெண்களுக்கான மருத்துவமனை 1909-இல் உருவாகக் காரணமானவர். கன்னியர் மருத்துவம் பயில இசைவு வேண்டி உரோமையிடம் பலமுறை முறையிட்டார். இசைவு கிட்டுமுன்னரே 1913-இல் இறையடி சேர்ந்தார்.

ஆனால் விதை மடியவில்லை. அவரது தூண்டுதலால் மருத்துவம் பயின்ற ஆஸ்திரியப் பெண் அன்னா டெங்கல், 1925-இல் மருத்துவ மறைபணிச் சகோதரிகள் சபையை நிறுவினார். மெக்லாரனைப் பற்றிய ஒரு சிறு நூலைப் படித்துத் தம் அழைத்தலை உணர்ந்தவர் ஆஸ்திரேலிய மருத்துவர் மேரி குளோரி. அவர் 1919-இல் மேற்பட்டம் பெற்று, 1920-இல் குண்டூர் வந்து கன்னியர் ஆனார். சிறப்பு அனுமதியுடன் மருத்துவப் பணியாற்றினார். உள்ளூர்ப் பெண்களுக்கும் செவிலியர் பயிற்சி அளித்தார். 1943-இல் கத்தோலிக்க மருத்துவமனைச் சங்கத்தைத் தோற்றுவித்தவரும் அவரே.

1936 பிப்ரவரி 11, லூர்து அன்னையின் திருநாள். அன்றுதான் உரோமை மறைபரப்புப் பேராயம் தன் அறிவுறுத்தலை வெளியிட்டது. துறவறக் கன்னியர் மருத்துவமும் மகப்பேற்றுப் பணியும் ஆற்றலாம் என்றதோடு, அதற்குரிய சான்றிதழ்களையும் முறையாகப் பெற வேண்டும் என்றது. அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும் எனத் திருச்சபையே ஏற்றுக்கொண்ட நாள் அது. அதே நாளைத்தான் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992-இல் உலக நோயாளர் நாளாக அறிவித்தார்.

பத்தாண்டுகளுக்குப்பின், 1946-இல், தில்லியிலும் வேலூரிலும் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கியது; 1959-இல் தில்லியில் முதுகலையும் வந்தது. இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த விதிகளின்படி, முதுகலையில் சேர பி.எஸ்சி. நர்சிங்கில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும் ஓராண்டுப் பணி அனுபவமும் வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் கூடுதல் பொறுப்பேற்கும் செவிலியருக்கென ஈராண்டு முதுகலைப் பயிற்சியும் இன்று உண்டு. நோயாளியின் கட்டிலருகே கழித்த இரவுகளையும் இக்கல்வி தகுதியாகக் கொள்கிறது என்பதைக் கவனியுங்கள்.

கதவு திறந்திருக்கிறது. அனுபவச் சான்றிதழ், விடுப்பு, கட்டணம், பிள்ளைகளின் பராமரிப்பு ஆகியவை மட்டுமே வாசலில் நிற்கும் தடைகள் என எண்ணியிருந்தோம். அவற்றோடு அவர்தம் பங்குக்குருவும் நின்றிருந்தார்! தாலந்தைப் புதைத்த ஊழியனைப் பற்றி எத்தனையோ முறை மறையுரை ஆற்றியிருக்கிறோம். பிறர் தாலந்தைப் புதைக்க மண்வெட்டி எடுத்துக் கொடுப்பதும் குற்றமே என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அந்தச் சகோதரியின் இல்லம் சென்று, கணவரிடமும் மாமியாரிடமும் பேசினோம். நம் பிழையையும் ஒப்புக்கொண்டோம். அம்முதியவள் நெடுநேரம் மௌனமாயிருந்து, "பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன், சாமி" என்றார். விண்ணப்பம் அனுப்பப்பட்டுள்ளது, முடிவு இறைவன் கையில்.

நம் பங்குகளில் இத்தகையோர் இன்னும் பலர் இருப்பர். அவர்கள் கேட்குமுன் நாம் கேட்போமா?